ஆறாவது பெட்டி

கோதுமைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள் அவனை
சீனக்குடாவில்,
மணிக்கட்டு முறிந்து.
பெயர் குர்பான்.
"நம்மட ஆளோ?" என்று எட்டிப் பார்த்தாள் தாதி ரிஃபாயா.
"தாகெஸ்தான்" என்றான்.
அது எந்தப் பக்கம் என்று
வாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஏஜென்ற் அனுப்பிய காப்புறுதிப் படிவம்
என் மேசைக்கு வந்தது.
ஆறாவது பெட்டி: இனம்.
அதில் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது,
காக்கேசியன்.

வாசித்துக் காட்டினேன்.
சிரித்தான். கை குலுங்கி வலித்தது,
வலித்தும் சிரித்தான்.
"மொஸ்கோவில் இந்தச் சொல்லுக்காகத்தான்
ஸ்டேஷனில் பொலிஸ் என்னை மறிக்கும்.
அங்கே அதற்குக் கறுப்பன் என்று அர்த்தம்.
உன் தாள் என்னை வெள்ளையாக்கிவிட்டது.
சவர்க்காரம்கூட இவ்வளவு வேகமில்லை."

அவனுடையது கப்பல் ஆங்கிலம்:
கயிறு, கொக்கி, கவனம், நிறுத்து.
ஒன்றில் மட்டும் விடாப்பிடி.
"காக்கேசஸ் இல்லை, தி காக்கேசஸ்.
முன்னால் தி வேண்டும்."
ஏன் என்றேன்.
"ஒற்றை மலை என்றால் வேண்டாம்.
எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு,
கழுதைப் பாதையில் அரை நாள் போனால் வேறு பேச்சு.
என் மனைவியை நான் பெண் கேட்டதே
பாதி சைகையில்.
இத்தனை பேரும் ஒரு சொல்லுக்குள் ஏற
முன்னால் ஒருவன் நின்று
கதவைப் பிடிக்க வேண்டாமா?"

தமிழில் கதவு பிடிக்க ஆளில்லை.
ஓஎல் சோதனையில் நான் தொலைத்த புள்ளிகளில்
முக்கால்வாசி அந்த ஒற்றை எழுத்தில்தான்.

"இந்த ஊர்ப் பெயரில் மலை எங்கே?"
காட்டினேன், கடைசியில், 'மலீ' என்று.
வெள்ளைக்காரன் காதில் விழுந்த அளவு.
ஜன்னலில் சுவாமிமலை ஒரு துண்டு தெரிந்தது,
கடலுக்குள் காலை விட்டபடி.
"இதுவா மலை?"
பன்னிரண்டு மாதமும் பனி பார்த்தவனிடம்
என்ன சொல்வது.
"எங்களுக்குப் போதும்" என்றேன்.
துடைப்பத்தோடு நின்ற லசந்தா
"திரிகுணாமலய" என்று சொல்லிக் கொடுத்தாள்.
ரிஃபாயா "திருக்கணாமல" என்றாள்.
நான் முழுசாகச் சொன்னேன்.
மூன்றையும் சொல்லிப் பார்த்தான்,
மூன்றிலும் வழுக்கி விழுந்தான்.

பிறகு கேட்டான்:
"உன் ஆறாவது பெட்டியில் என்ன?"

பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழ்.
இந்தியாவை நான் பார்த்ததில்லை.
எழுபத்தேழில் அப்பா பண்டாரவளையில் லொறி ஏறி
பன்குளத்தில் இறங்கினார், நல்ல மழை.
மலையகம் என்று தமிழில் சொன்னால்
சொல் நிமிர்ந்து நிற்கிறது.
ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால்
ஹில் கன்ட்ரி, தேயிலைப் பெட்டியின் படம்.
அப்கன்ட்ரி, துரை வெயிலுக்குப் போகாமல் போன இடம்.
எஸ்டேட், எங்களைத் தலை எண்ணிய விதம்.
இப்போது சிலர் மலையகத்தை அப்படியே
ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள்,
முன்னால் தி போடுவதா என்று அங்கேயும் தகராறு.
இதையெல்லாம் கயிறு, கொக்கியில் எப்படிச் சொல்ல.
"நானும் மலை" என்றேன்.
புரிந்ததோ என்னவோ, தலையாட்டினான்.

காக்கேசியனை வெட்டினேன்.
பிறந்த இடத்தில் தி காக்கேசஸ் என்று எழுதினேன்,
தி கொஞ்சம் பெரிதாகவே.
ஆறாவதை வெறுமையாக விட்டேன்.

நாலரைக்கு ஏஜென்றின் தொலைபேசி.
"மிஸ், ஆறு காலியாக் கிடக்கு.
சிஸ்டம் எடுக்குதில்ல.
என்னத்தையாவது போடுங்க, கப்பல் வெளிக்கிடப் போகுது."

கீழே அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான்,
மாக்கட்டில் ரிஃபாயா நீலப் பேனையால் எழுதிவிட்ட
ஊர்ப் பெயரோடு.
எந்த எழுத்தில் என்று
இங்கிருந்து தெரியவில்லை.

"மிஸ்? லைன்ல இருக்கீங்களா?"