சாக்கடைக் கல்

குகை, கொலுசுப் பட்டறைச் சந்து.
தண்ணீர் லாரி பின்வாங்கும்போது
சாக்கடை மேல் கிடந்த கல் ஒடிந்தது.
சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
லாரிக்குச் சொல்லிவிட்டவள் நான் என்பது
எனக்கும் டிரைவருக்கும்தான் தெரியும்.
அவன் அஞ்சு ரோடு நெரிசலில் கரைந்துவிட்டான்.

அன்று ராத்திரி
தெருவிளக்கு அணைகிற நேரம் பார்த்து
முருங்கையில் ஒரு போத்து ஒடித்து
குழிக்குள் ஊன்றினேன்,
திருடின பொருளைத் திருப்பி வைக்கிற மாதிரி.

காலையில் அதன் பக்கத்தில்
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
முனிரத்தினம் வீட்டு மொட்டை மாடியில் பார்த்தது.
மறுநாள் நாற்காலிக்குக் கழுத்தில் சிவப்புத் துணி;
டைலர் ஆரோக்கியமேரி மூச்சே விடவில்லை.
பட்டறைப் பையன்கள் மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.
கல்யாண பிளக்ஸ் ஒன்றும் வந்து சாய்ந்தது,
மாப்பிள்ளை பாதி முகத்தோடு.
வார்டு ஆபீசுக்கு மனு போனது.
மனுவுக்கு ஒரு நம்பர் வந்தது.
"அந்த நம்பரைப் போட்டுக் குழியை மூடலாமா?"
என்றார் சர்புதீன் பாய்.

இருபத்தாறாம் நாள்
போத்து துளிர்த்துவிட்டது.
சிரித்தோம். வெட்கமாகவும் இருந்தது.
யாரும் கீரை பறிக்கவில்லை.

அப்புறம் அந்த மழை.
மத்தியானமே ஏற்காடு கறுத்துவிட்டதென்று போன்.
எட்டு மணிக்குச் சந்தில் முழங்கால் தண்ணீர்.
கரண்ட் போனது.
நாற்காலி மிதந்தது. மாப்பிள்ளை மிதந்தார்.
தரைக்கும் குழிக்கும் ஒரே நிறம்.
பத்துக்கு ஜவ்வரிசி மில்லில் ஷிப்ட் விடுவார்கள்.
டார்ச்சோடு போய் நின்றேன்,
போத்துக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தாக.

"சுவத்தை ஒட்டி வாங்க, சுவத்தை ஒட்டி."

கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு வெளிச்சம்:
தனக்கோடி, பாலிதீன் பைக்குள் போனைச் சுற்றி.
அதற்குப் பின்னால் ஒரு கயிறு வந்தது.
கயிற்றின் முனையில் முனிரத்தினம்,
லுங்கியைத் தூக்கிக் கட்டி.
மில்லுக்காரர்கள் போனார்கள்.
ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ்.
அடுத்த தெரு நாய் ஒன்று
எங்கள் தெரு என்று பயப்படாமல் கடந்தது.

குளிரில்தான் எனக்கு வாய் வந்தது.
"அன்னிக்கு அந்த லாரி, நான் வரச் சொன்னது."

யாரும் திரும்பவில்லை.
கயிற்றை முழங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு
முனிரத்தினம் சொன்னார்:
"தெரியும். அந்தத் தண்ணியில
ரெண்டு குடம் நாங்களும் புடிச்சோம்."
இருட்டுக்குள்ளிருந்து தனக்கோடி:
"நாங்க நாலு."

ஞாயிற்றுக்கிழமை புதுக் கல் வந்தது.
குடக் கணக்கில் காசைப் பிரித்தோம்.
இரண்டு வீடு தரவில்லை.
சர்புதீன் பாய் அன்று ஊரிலேயே இல்லை,
ஆனாலும் தன் பேரில் ஒரு குடம் எழுதச் சொன்னார்.
சிமெண்ட் காயும்வரை
நாற்காலியைத் தேடிப் பிடித்து மறுபடி வைத்தோம்.

இப்போது லாரி சந்து முக்கிலேயே நின்றுவிடும்.
குடத்தோடு நடக்கிறோம்.
கல்லைத் தாண்டுகிற ஒவ்வொருவரும்
ஒரு காலால் லேசாக
அழுத்திப் பார்த்துவிட்டுத்தான்
மறு காலை எடுக்கிறோம்.