ஒத்தி வீடு

ஆனையூரில் ஒத்திக்கு வந்த வீடு.
பத்திரத்தில் இரண்டு ஃபேன், நான்கு டியூப்லைட்,
ஒரு மோட்டார்.
நாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

முன்பு இருந்தவர்கள் விட்டுப் போனது.
‘ச்சீ போ’ என்பதைத்தான்
பெயரென்று நினைத்துக்கொண்டு
வாலாட்டி வரும்.

முதலில் மீந்த சோறு.
அப்புறம், மீந்துபோகிற மாதிரியே
உலை வைத்தாள் செல்வராணி.
நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து
கூடல்நகர் கேட்டில் நிற்கையில்
சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவதை விட்டு
அது தூங்கியிருக்குமோ என்று யோசித்ததை
யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வருஷம். பணத்தை எண்ணித் தந்தார் வீட்டுக்காரர்.
டியூப்லைட் ஒன்று போயிருந்தது; பிடித்துக்கொண்டார்.

குட்டியானையில்
பீரோவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே
முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தது.

“ச்சீபோ,
கொஞ்சம் தள்ளி உட்காரு” என்றேன்.