வெறும் வயிற்றில்

ஐந்தே கால்.
மட்டக்குளியில் சவுந்தரநாயகம் ஐயா
நேற்றிரவு எட்டு மணியோடு வாயைக் கட்டியவர்
கேற்றடியில் நிற்பார், சட்டைக் கையை மடித்துவிட்டு.
நான் இங்கே, ஜம்பட்டா வீதி ஒழுங்கைக்குள்
ஊசி, குப்பி, ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால் கட்டி
உதைத்துக்கொண்டிருக்கிறேன்.

பென்லி. எண்பத்து நாலு. இரட்டை சிலிண்டர்.
என்னிடம் வரும்போதே புத்தகத்தில் ஆறு பேர்.
இருபது உதை.
ஒரு இருமல்கூட இல்லை.

"நங்கி, சோக் இழுத்தா?"
சுமித், தன் த்ரீவீலைத் துடைத்தபடி.
இழுத்தாச்சு.
"தள்ளுவம்."
கான் மூடிகள் தடதடக்க ஆமர் வீதிப் பக்கம் ஓடி,
கியரில் போட்டு, ஒன்றுமில்லாமல்
திரும்பி நடந்தோம்
மூன்று பேரும், பேசாமல்.

பிளக் இரண்டையும் கழற்றினேன்.
மணக்கவில்லை.
பெற்றோல் பட்டிருந்தால் மணக்கும்.
எஞ்சின் தலையில் சாய்த்துப் பிடித்து
சுமித்தை உதைக்கச் சொன்னேன்:
நீலப் பொறி, சுள்ளென்று.
அப்ப கரன்ட் இருக்கு.
டாங்கை ஆட்டினால் குளக் குளக்.
எண்ணெயும் இருக்கு.
இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ
யாரோ தராமல் வைத்திருக்கிறார்கள்.

ஹோஸைக் கழற்றினேன்.
இரண்டு சொட்டு.
மூன்றாவது நுனியில் வந்து தொங்கிக்கொண்டு
விழமாட்டேன் என்றது.

இது எனக்குத் தெரிந்த சங்கதி.
காற்றெடுத்த குப்பிகளோடுதான்
தினமும் கொழும்பு முழுக்கத் திரிகிறேன்.
குப்பி இழுக்கும், நரம்பு தரும்.
டாங்கே குப்பியாகிவிட்டால்
அது யாருக்குத் தரும்?

மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்...
கடலுக்குள் முங்கினவன் தலை தூக்கி இழுக்கிற
அதே மூச்சு.
கழற்றிய ஹோஸ் என் செருப்பை நனைத்தது.
காலெல்லாம் குளிர்.

மூடியின் நடுவே ஊசிமுனைத் துளை.
துளையில் சவுக்காரம். அதற்கு மேல்
சிவப்பு நெயில் பொலிஷ், மூன்று பூச்சு.

நான்தான்.
கியூவில் இரண்டு இரவு கிடந்து
நாலு லீற்றர் வாங்கின வருசம்.
மழை உள்ளே போகக்கூடாது,
மணம் வெளியே வரக்கூடாது,
மணம் பிடித்து வந்து உறிஞ்சுகிற ஆட்கள் இருந்தார்கள்.
பிறகு கியூ போய்விட்டது.
பொலிஷ் போகவில்லை.

அதற்குப் பிறகும் ஓடினதே என்றால்,
மூடியின் பழைய வாசர் வெடிப்பு.
அந்த ஓட்டையால் இத்தனை நாளும்
மூச்சு விட்டிருக்கிறது.
நேற்றுத்தான் பஞ்சிகாவத்தையில்
ரிஃப்கானிடம் முந்நூறு ரூபாய் கொடுத்துப்
புது வாசர் போட்டேன். இறுக்கமாக.
"இனி ஒரு சொட்டு கசியாது" என்றான்.
உண்மைதான்.
வீட்டு வாசலில் இரண்டு தரம் விக்கினபோதே
யோசித்திருக்கலாம்.

இருபத்து மூன்றாம் நம்பர் ஊசி, புத்தம் புதுசு,
உறை பிரித்துக் குத்தினேன்.
சிவப்பு உதிர்ந்தது.
பில்லில் அதை எந்த நோயாளியின் பெயரில் எழுத?

ஐந்தாம் உதையில் பிடித்தது.
மேல்மாடியில் பெனடிக்ற் ஜன்னலை அடித்துச் சாத்தினார்.
சுமித் துணியை உதறிவிட்டு
எல்லாம் தான் தள்ளினதால்தான் என்றான்.

மட்டக்குளி. ஆறு பத்து.
கேற்றடியில்தான் நின்றார்,
சட்டைக் கையை மடித்துவிட்டு.
நரம்பு நல்லாத் தெரிந்தது.
மீசையில் மாரி பிஸ்கட் தூள்.

"ஒண்டும் சாப்பிடேல்ல, பிள்ளை."

எஞ்சினை நிறுத்தப் பயமாயிருந்தது.
ஓடவிட்டே
கேட்டுக்கொண்டிருந்தேன்.