வேருடன், மண் நீங்கலாக

ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி.
ஸ்டேஷனே பந்தோபஸ்துக்கு இறங்கிப் போய்விட்டது.
எழுத்தர் என்பதால் நான் மட்டும்.
வராந்தாவில் ஐந்து தொட்டிகள்.

நாகலூர் போகும் வழியில் ஒரு தகரக் கூரை வீடு,
குளியலறைக்குப் பின்னால் பச்சை வலை மறைப்பு.
அருமைநாயகம், ஐம்பத்தொன்பது,
இரும்பாலையில் ஸ்டோர் கீப்பர், விருப்ப ஓய்வு.
ஜீப்பில் ஏறும்போது வக்கீலைக் கேட்கவில்லை.
"சாயங்காலம் தண்ணி காட்டிருங்க" என்றார்,
மாட்டைச் சொல்வதுபோல.

தாசில்தார் பூங்காவில் ரோஜாக்களைப் பார்வையிடுகிறார்.
அவர் வந்து முன்நின்றால்தான்
பிடுங்க முடியும், எடை போட முடியும்.
அதுவரை இவை அரசாங்கத்தின் செடிகள்.
வாடினால் எடை குறையும்,
குறைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும்.
ஆகவே காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு.
என் கையில் துளசிகூடப் பிழைத்ததில்லை.

அவருடைய நோட்டும் என்னிடம்தான்.
ஜெராக்ஸ்காரர் பஜ்ஜிக் கடை போடப் போய்விட்டதால்
கையாலேயே படியெடுத்தேன்.
ஸ்டோர்க் கணக்கின் சாய்வில்லாத எழுத்து.

*தை 9. விதை ஏழு. மேலே வரிக்கோடு, ஆமை ஓடு மாதிரி.*
*தை 13. ஆறு முளைத்தன. ஏழாவதைத் தோண்டிப் பார்த்தேன். அது என் அவசரம்.*
*மாசி 2. இலைக்கு மூன்று விரல்.*
*மாசி 15. ஐந்து விரல். சிலதில் ஏழு.*
*பங்குனி 20. நான்காம் தொட்டி ஆண். கணுவில் குட்டி உருண்டைகள். பிடுங்கிவிட்டேன்.*
*பங்குனி 22. பிடுங்கியது இன்னும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. எறிய வேண்டும்.*
*சித்திரை 18. வெள்ளை ரோமம் கட்டுகிறது. இருப்பு ஐந்து.*

அதற்கப்புறம் பக்கங்கள் வெள்ளை.
அடுத்த வரி நாங்கள்தான்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பூத்த தலைப்புக்கு ஒரு பெயர்,
தலைப்பில்லாத இலைக்கு வேறு கணக்கு,
வளர்த்ததற்குத் தனியாக ஒன்று.
அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ...
பள்ளியில் ஏழு சொன்னார்கள்,
ஆறுதான் ஞாபகம் வருகிறது.
மகஜரில் எதற்கும் இடமில்லை.
"பூத்த நிலையில்" என்றால் போதும்.

மூன்றாம் ராத்திரி மூடுபனி வராந்தாவுக்குள் ஏறியது.
நசுக்கிய மிளகுக்கொடி, நனைந்த ஆட்டு ரோமம்,
எங்கோ ஓர் எலுமிச்சைத் தோல்.
லாக்கப்பில் இருந்த பைக் திருடன்
பாதித் தூக்கத்தில் கேட்டான்:
"அக்கா, என்ன ஊதுபத்தி இது?"

நான்காம் நாள் வந்தார்,
சட்டையில் நடுவர் ரிப்பனைக் கழற்ற மறந்து.
ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்தவர்
என் பக்கம் திரும்பி,
"நல்லா வந்திருக்கு" என்றார்.
சட்டென்று இருமினார்.
ஏட்டு மாதேசன் தண்டைப் பிடித்து இழுத்தார்,
வேரைத் தொட்டி விளிம்பில் அடித்து உதறினார்.
நான் எழுதினேன்:
வேருடன், மண் நீங்கலாக,
நான்கு கிலோ நூற்றெண்பது கிராம்.
அரக்கு உருகியது. சீல் விழுந்தது.

மண் வழக்கில் இல்லை.
தொட்டிகளைக் கொல்லைச் சுவரோரம் தள்ளினார்கள்.

கோடை மழை இரண்டு முறை பெய்தது.
இன்று குடை காயவைக்கப் போனவள் பார்த்தேன்,
மூன்றாம் தொட்டியில் ஒரு முளை.
இரண்டே இலை, ஓரத்தில் பல் இல்லாமல்.
இந்த வயதில்
தக்காளிக்கும் தும்பைக்கும் அதற்கும்
கிட்டத்தட்ட ஒரே முகம்.

"என்னம்மா செடி அது?" என்றார் மாதேசன்.
"தெரியல" என்றேன். பொய்யில்லை.
அடுத்த ஜோடி இலை விரிந்தால் தெரிந்துவிடும்.
தெரிந்த பிறகு எனக்கு ஒரு கடமை இருக்கிறது.

செம்பு குழாயடியில் கிடக்கிறது.
மணி ஐந்தரை.
சாயங்காலம் ஆகிவிட்டது.