முகூர்த்தம் இல்லாத நாட்கள்

கேமரா ஜெபக்கனி அண்ணாச்சியுடையது.
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ.
கல்யாணம், சடங்கு, காதுகுத்து,
ட்ரோன் வேண்டுமென்றால் தனி ரேட்டு.
"சும்மா கெடக்கிற நாள்ல எடுத்துக்கோ.
லென்ஸ்ல மண்ணு விழுந்துச்சுன்னா
எம் மூஞ்சில முழிக்காத" என்றார்.

சும்மா கிடக்கிற நாள் என்றால்
ஆடி. மார்கழி.
புரட்டாசியில் பாதி.

அதனால்தான் எங்கள் படத்தில்
காற்று அடிக்கிறது, இல்லையென்றால் பனி கொட்டுகிறது.
முக்கூடலுக்கு வேறு பருவமே கிடையாது.
உலகம்மாள் ஆடியில் கதவைத் திறந்து உள்ளே போய்
மார்கழியில் வெளியே வருகிறாள்.
போகும்போது இடுப்பில் இருந்த பிள்ளை
வரும்போது நடந்து வருகிறது.
திருவனந்தபுரத்தில் ஒரு விழாவில் ஒருவர் எழுந்து
காலத்தை நீங்கள் கையாண்ட விதம், என்று ஆரம்பித்தார்.
நான் தலையாட்டினேன்.
மைதீன் என் காலை மிதித்தான்.

மைதீன் சவுண்டு. மேலப்பாளையத்தான்.
மைக்குக்கு வாப்பாவின் குரங்குக் குல்லாயை மாட்டி
ஆடிக்காற்றோடு இரண்டு வருஷம் சண்டை போட்டான்.
காற்றுதான் ஜெயித்தது.
வசனத்தைக் குறைத்தோம்.
அதற்கும் பாராட்டு வந்தது.

ஆடி பதினாறு, க்ளைமாக்ஸ் நடுவில்
டோனாவூரில் ஒரு சர்ச் கல்யாணம்.
அவர்களுக்கு ஏது ஆடி?
கேமரா கிளம்பிப் போனது.
மிச்ச அழுகையை என் போனில் எடுத்தோம்.
உற்றுப் பார்த்தால் தெரியும்,
முதல் கண்ணீர் துல்லியம்,
இரண்டாவது கொஞ்சம் கலங்கல்.

உலகம்மாள் நடிகை இல்லை.
நாளைக்கு எண்ணூறு பீடி சுற்றுகிறவள்.
கேமராவுக்கு முன்னால் சுற்றியதையும் எண்ணிக் கட்டி
கம்பெனிக்குக் கொண்டுபோனாள்.
நாற்பது கழிவு.
"அங்க பாரு இங்க பாருன்னா வேற எப்படி வரும்?"
அந்த நாற்பதுக்கும் என்னிடம் காசு வாங்கிக்கொண்டாள்.
சீட்டில் எடுத்த மூன்று லட்சம் கரைந்து முடிந்தபோது
படத்தால் சம்பாதித்திருந்தது அவள் ஒருத்திதான்.

பாளையங்கோட்டையில் ஒரு தியேட்டர்
செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி கொடுத்தது.
டிஜிட்டல் கட்டணம் எங்கள் தலையில்.
பத்து டிக்கெட் கிழிந்தால்தான் ஷோ.
ஏழு கிழிந்திருந்தது.
மூன்றை நாங்களே வாங்கினோம்,
நான், மைதீன், போஸ்டர் ஒட்டிய பையன்.
அவனும் இடைவேளையில் எழுந்து போனான்.
வெளியே பசை காய்கிறதாம்.
புதன்கிழமை அதே திரையில்
வேறு யாருடைய துப்பாக்கியோ வெடித்தது.

பிறகு ஒரு ராத்திரி, தூக்கம் வராமல்:
கேமரா சும்மா கிடக்கிற மாதத்தில்
மண்டபமும் சும்மாதானே கிடக்கும்?

முக்கூடல். ஆடி ஞாயிறு. பாதி வாடகை.
நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்து
மணமேடையில் இழுத்துக் கட்டினோம்.
மேலே தெர்மாகோலில்
போன வைகாசி மாப்பிள்ளையின் பெயர்
அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டோம்.
டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு தாம்பாளம்.
டீக்கடை ஆவுடையப்பன்
ஐம்பத்தொன்று போட்டுவிட்டு நகராமல் நின்றார்.
"நோட்டு எங்கடே?"
எந்த நோட்டு?
"எழுதணும்லா. யாரு யாருக்குச் செஞ்சான்னு
நாளைக்கு எப்படித் தெரியும்?"

மைதீனின் சவுண்டு ரிப்போர்ட்டைக் கவிழ்த்து
பின்பக்கமிருந்து எழுத ஆரம்பித்தோம்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர், தகப்பன் பெயர், தெரு, தொகை.
உலகம்மாள் தன் பெயருக்கு நேரே
நாற்பது பீடியின் காசை எழுதச் சொன்னாள்.

சீட்டுக் கடன் அப்படியே இருக்கிறது.
இது வேறு கடன். மொய்.
வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும்.
இவர்களில் ஒருவரும் படம் எடுக்கப் போவதில்லை.
எதைக் கொண்டு செய்வது?

இன்று ஆவணி ஒன்று.
கேமரா ஏதோ மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியிருக்கும்.
ஆவுடையப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்,
"அடுத்தது என்னைக்கு?"

மார்கழி, என்றேன்.

"நல்ல காரியத்துக்கு அந்த மாசம் ஆகாதே"
என்கிறார், கல்லாவில்
சில்லறை தேடியபடி.