ஒரு வரிசை தள்ளி

ஒரு வீடியோவுக்கு நூற்றிருபது ரூபாய்.
தரமணியில், மூன்றாவது மாடியில்,
ஏசி ஒழுகும் இடத்தில் வாளி வைத்த அறையில்
ஹெட்போனோடு உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறேன்.
முகத்தைப் பார்த்தானா: பூஜ்யத்திலிருந்து நான்கு வரை.
கேட்டதற்குப் பதில் வந்ததா: பத்து நொடிக்குள்.
பதினோராவது நொடி எங்கள் ஆய்வில் கிடையாது.

பையனுக்குப் பெயர் இல்லை. ப-17.
ஆனால் இரண்டாம் நிமிடத்தில், கேமராவுக்கு வெளியிலிருந்து
"ஷாகுல், ஒழுங்கா உக்காரு" என்கிறாள் ஒருத்தி.
விதிப்படி அங்கே ஒரு பீப் போட்டேன்.
போடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டு வயது. வாயால் பேசுவதில்லை.
மடியில் டேப்லெட். படத்தைத் தொட்டால்
செய்தி வாசிக்கும் குரலில் ஒரு பெண் பேசுகிறாள்,
ராயபுரத்தில் எவரும் பேசாத தமிழில்.
"எனக்குத் தாகமாக இருக்கிறது" என்பாள்.
"தண்ணியா?" என்பாள் அம்மா.

யார் உனக்குத் தலை வாரி விடுவாங்க?
மின்விசிறியைப் பார்க்கிறான். விரல் அசையவில்லை.
பூஜ்யம்.
இந்த பஸ் என்ன கலர்?
"அத்தை."
பூஜ்யம்.
மழை வந்தா வீட்ல என்ன பண்ணுவீங்க?
"சிவப்பு."
எது குரைக்கும்?
"கட்டில் மேலே."
அப்பா என்ன வேலை பண்றாரு?
"நாய்."
டேவிட்சன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
நானும்தான்.
உனக்கு என்ன பிடிக்கும்?
"ஐஸ்."
அதற்கு மட்டும் நான்கு போட்டேன்.
பிள்ளைகளுக்கு ஐஸ் பிடிக்குமே.

டீ குடித்துவிட்டு வந்து, எக்செல்லில்
ஏதோ ஒரு கட்டத்தைத் தெரியாமல் அழித்தேன்.
பதில்கள் மொத்தமும் ஒரு வரிசை மேலே ஏறின.
கண்ட்ரோல் இசட்டுக்குப் போன விரல்
அங்கேயே நின்றது.

தலை வாருவது அத்தை.
பஸ் சிவப்பு.
மழை வந்தால் கட்டில் மேலே.

எனக்குத் தெரியும் அந்தக் கட்டிலை.
வியாசர்பாடியில் எங்கள் வீட்டிலும்
டிசம்பரில் முதலில் ஏறுவது சிலிண்டர்,
அப்புறம் ரேஷன் கார்டு, அப்புறம் நாங்கள்.

அப்பா ஐஸ்.
காசிமேட்டில் உடைக்கிறாரோ, லாரியில் ஏற்றுகிறாரோ.
நான் முழு மதிப்பெண் கொடுத்த ஒரே பதில்
நான் நினைத்த பதில் இல்லை.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன்:
முப்பத்து நான்கு நொடி, முப்பத்தொன்று, முப்பத்தாறு.
ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறான்.
படியில் ஒரு கால் வைக்குமுன்
விசில் கொடுத்துவிடும் கண்டக்டர் மாதிரி
நாங்கள்தான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

கற்பகவல்லி மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
மறுநாள் காலை பதில் வந்தது:
"குட் கேட்ச் மா. இந்தப் பேப்பரில் பத்து நொடிதான்.
அடுத்ததில் பார்க்கலாம்."
பதினான்கு மணி நேரம்.
அவருக்கு யாரும் பூஜ்யம் போடவில்லை.

பூஜ்யங்கள் அப்படியே இருக்கின்றன.
பணமும் வந்துவிட்டது.
குறிப்பு என்ற கட்டத்தில் கொஞ்சம் இடம் இருந்தது,
"ஒரு வரிசை தள்ளிப் படிக்கவும்" என்று எழுதினேன்.
யார் படிப்பார்கள் என்று தெரியாது.

இன்று மதியம் அதே வீடியோவை
காசில்லாமல் மறுபடி ஓட்டினேன்.
"முடிஞ்சுது தம்பி, பை சொல்லு" என்கிறார் கேள்வி கேட்டவர்.
சொல்லவில்லை. சமூகத் திறன், பூஜ்யம்.
வழக்கமாக அங்கே மூடிவிடுவேன்.
யாரோ கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.
நாற்காலி இழுபடுகிறது. பொம்மைகள் பைக்குள் போகின்றன.
"மின்விசிறி" என்கிறது டேப்லெட்.
பிடித்தது என்ன என்று கேட்டதற்கு.
அம்மா வாசலில் செருப்பைத் தேடுகிறாள்.
எதிரே காலி நாற்காலி.
அவன் இன்னொரு படத்தைத் தொடுகிறான்,
செய்தி வாசிக்கும் பெண் நிதானமாகச் சொல்கிறாள்:
"சென்று வருகிறேன்."

வீடியோ எடுத்தது மார்ச்சில்.
இது நவம்பர். வெளியே மழை, வாளி பாதிக்கு மேல்.
"போயிட்டு வாடா" என்றேன்,
ஹெட்போன் மாட்டியிருந்ததால் கொஞ்சம் சத்தமாக.

"யார்கிட்ட?" என்றான் டேவிட்சன்.