இழை மறையும் இடம்

பொகவந்தலாவ பஸ்ஸில் மடியில் பெட்டி.
"கேமராவா மிஸ்?"
"சூடு பார்க்கிறது."
பக்கத்துச் சீட்டுக்காரி
பிள்ளையின் நெற்றியை என் பக்கம் திருப்பினாள்.
அவ்வளவு சின்னச் சூடு இதற்குத் தெரியாது என்றேன்.
எழுநூறு பாகைக்குக் கீழே
இதற்குக் கண் இல்லை.

முபாரக் ஹாஜியாரின் கல் சுடும் கொட்டகை
ஓயாவுக்கு மேலே.
வெளியே பதினொரு பாகை, காதுக்குள் ஏறும் பனி.
உள்ளே உலையில்
பால் நிறத்துக் கெவுடக் கற்கள்
நீலமாக வேண்டி வெந்துகொண்டிருந்தன.
போன மாதம் நாற்பது கல் வெடித்தது.
பலகையில் எண் 1640.
எண் சரி, ஆள்தான் பிழை என்று
புஸ்பநாதனின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அவன் அன்றே சொன்னானாம்:
"வழமைய விட வெள்ளையா இருக்கு சேர்."
வெள்ளை என்றால் எத்தனை பாகை என்று கேட்டார்களாம்.

தொட்டுப் பார்க்கப் போன பிளாட்டினக் கம்பி
இரண்டு வருடம் உள்ளேயே நின்று
அழுக்கேறி
குறைத்துச் சொல்லப் பழகியிருந்தது.
நான் தொடுவதில்லை.
முகத்தையும் நம்புவதில்லை,
எந்த முகமும் தன் சூட்டை முழுக்க வெளியே விடாது.
அலுமினாக் கட்டியில் ஒரு துளை போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன்,
பென்சில் அகலம், விரல் ஆழம்.
ஆறிக் கிடக்கையில் அதுதான் அங்கே ஆகக் கருப்பு.
இப்போது அதுதான் ஆக வெளிச்சம்.

சிவப்புக் கண்ணாடிக்குள் துளை,
அதன் குறுக்கே தங்ஸ்தன் இழை.
குமிழைத் திருகினேன்.
கருப்புக் கோடு.
இன்னும் கொஞ்சம்.
வெளிச்சத்தின் மேல் வெளிச்சக் கோடு, கூடிப்போச்சு.
பின்னுக்கு, மெல்ல,
இழை இல்லை.

அறுந்துவிட்டதோ என்று
பதினாறு வருடத்துக்குப் பிறகும் ஒரு கணம் பயம்.
அறவில்லை.
இரண்டும் ஒரே அளவு எரிந்தால்
ஒன்று காணாமல் போகும், அவ்வளவுதான்.

1712.
மறுபடியும் 1712.
மூன்றாம் தரம் புஸ்பநாதனைத் திருகச் சொன்னேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அவன் நிறுத்திய இடம் 1709.
"காணோம் மிஸ்," என்றான்,
எதையோ உடைத்துவிட்டவன் போல.

புதுக் கம்பி என்ன விலை
என்றார் ஹாஜியார்.

அறிக்கையில் எழுதினேன்:
எழுபது பாகை குறைத்துக் காட்டுகிறது.
பிடித்த சம்பளத்துக்கு அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் மட்டும்:
வெள்ளை என்றால் 1710. சொன்னவர், பு. நாதன்.

கடைசி பஸ்.
நோர்வூட் வரைக்கும்
கண்ணை மூடும்போதெல்லாம்
பச்சையாய் ஒரு துளை.